ஸ்டெல்லாவுக்கு, அந்தப் பன்னிரண்டு உருண்டைகள் பற்றி

ரங்கூன்
டிசம்பர் 3

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு,

பெட்டி புதன்கிழமை வந்து சேர்ந்தது. கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிடப் பன்னிரண்டு கண்ணாடி உருண்டை அனுப்பியிருக்கிறாய். ஒன்பது முழுசாக வந்தது, மூன்றில் விரிசல். சுற்றியிருந்த காகிதத்தை எல்லாம் விரித்துப் பார்த்தோம். உன் கையெழுத்து எதிலும் இல்லை. அம்மா அந்தச் சீனப் பத்திரிகைத் தாளைக்கூட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

வேலை நல்ல வேலை. நீல உருண்டையின் கழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஊதும்போது சுழற்றுவதை நீ நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஒரு பக்கம் தொங்கிவிடும். எதிர்வீட்டு அத்தையிடம் “என் மகள் ஊதியது” என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பேன்.

ஆனால் விரிசல் வழியில் வந்த ஆட்டத்தால் வந்ததில்லை. மோதி உடைந்தால் பட்ட இடத்திலிருந்து நாலா பக்கமும் கோடு ஓடும். இதில் கொக்கி ஒட்டிய இடத்தில் தொடங்கி ஒரே கோடாக வளைந்து போகிறது. ஆறவிடாமல் எடுத்திருக்கிறாய். ஜெர்மனியில் லவுஷா ஊர்க்காரர்கள் செய்யும் உருண்டை முட்டையோடு மாதிரி மெல்லிசு, அது தாங்கும். உன்னுடையது கனம். வெளிப்பக்கம் இறுகிய பிறகும் உள்ளே சூடு இருக்கும், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே கிடக்கும். அன்றைக்கு உடையாது. பத்து நாள் கழித்து, யாரும் தொடாமலே டிக் என்று விரிசல் விடும். சூளையை 500 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வைத்து மெல்ல இறக்கு. ராத்திரி முழுக்க உள்ளேயே கிடக்கட்டும். கொக்கிக்கு வேறு கண்ணாடி போட்டாயா? சூடு தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடி சூட்டில் விரிவது சாதாக் கண்ணாடியில் பாதிகூடக் கிடையாது. ஒட்டின மாதிரி இருக்கும், ஆறும்போது காட்டிவிடும்.

பன்னிரண்டு உருண்டை. ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்கு வருகிறவளுக்கு இதற்கு எங்கே நேரம் என்று அம்மா கேட்கிறாள். லீவு நாளில் செய்திருப்பாள் என்றேன். விற்பதற்கும் செய்கிறாயோ? விற்றால் நல்லதுதான். ஆபீசில் எல்லோரும் சௌக்கியமா?

இங்கே கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. சின்னவன் இருக்கிற இடத்தில் நன்றாக இருக்கிறான், அதைப் பற்றிப் போனில் கேட்காதே. பிப்ரவரியில் நியாங்லேபின் மாதா திருவிழாவுக்குப் போக முடிந்தால் போவோம். பணம் வராததைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை.

உள்ளே வெள்ளி பூசியிருக்கிறாய். சில்வர் நைட்ரேட்தானே? கையுறை இல்லாமல் தொடாதே, தோல் கறுத்துப்போகும். அம்மோனியா கலந்த கரைசலை மறுநாளைக்கு என்று எடுத்து வைக்கவே வைக்காதே, வெடிக்கும். ஜன்னலைத் திறந்து வை. மெல்ல ஆறவிடு.

அம்மா உன் உருண்டைகளுக்கு நடுவே பழைய வளையல் தோரணத்தையும் கட்டியிருக்கிறாள். நீயும் சின்னவனும் உடைந்த வளையல்களை மெழுகுவர்த்தியில் காட்டி வளைத்துக் கோத்தீர்களே, அதேதான். நாகர் கண்ணாடிப் பட்டறையில் பொறுக்கிய பச்சைக் குவளையும் அலமாரியில் இருக்கிறது. சவுத்தட்ஜி கோயிலில் படுத்திருக்கும் புத்தருக்குக் கண் செய்து கொடுத்த இடம். 2008இல் நர்கீஸ் புயல் கூரையைக் கொண்டுபோன பிறகு, மரங்களுக்கு நடுவே குவியல் குவியலாகக் கண்ணாடி கிடந்தது. இவ்வளவு மரம் விழுந்தும் இது எப்படியப்பா உடையவில்லை என்று நீ கேட்டாய். நான் பேசாமல் நடந்தேன். நன்றாக ஆறிய கண்ணாடி என்று சொல்லியிருந்தால் மற்றதையும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

அந்த மஞ்சள் நட்சத்திரம். உனக்கு எட்டு வயது. உன் கையில் உடைந்தது என்று எல்லோர் முன்னாலும் அடித்தேன், இனிப் பட்டறைப் பக்கம் வராதே என்றேன். நீ வரவே இல்லை. வாங்குகிற ஆள் வாசலில் நின்று அவசரப்படுத்தினார் என்று ஆறும் அடுப்பிலிருந்து அதைப் பாதியில் எடுத்தது நான். நீ தொடாமல் இருந்திருந்தாலும் சாயங்காலத்துக்குள் உடைந்திருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும் ஸ்டெல்லா, கையை ஓங்கும் முன்பே தெரியும். முதலாளியிடமும் உன் பெயரைத்தான் சொன்னேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. கண்ணில் புரை, இதை அவள் படிக்கப்போவதில்லை.

இத்தனை வருஷம் கழித்து யாரிடம் போய் இந்த வேலையைக் கற்றுக்கொண்டாய்? சுழற்றுவதை நிறுத்தக் கூடாது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற பையன் 20ஆம் தேதி ரங்கூன் திரும்புகிறான். அவனிடம் உருண்டை எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். ஒரு தாளில் நாலு வரி போதும்.

அன்புடன்,
அப்பா