சி பிளஸ் பிளஸ் வெக்டர் காவியல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மாணவர் பக்கத்தில் வந்த நிரலாக்கக் கட்டுரை, சி பிளஸ் பிளஸ் மொழியின் வெக்டரைக் 'காவி' என்று மொழிபெயர்த்து, 'பருமனும் திசையும் உடையது' என்று அடைப்புக்குள் விளக்கமும் தந்திருந்தது. 31 வருடம் உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் படிப்பித்த என்னால் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கணிதத்தில் வெக்டருக்கு நாம் வைத்த காவி அருமையான சொல். காவுதல் என்றால் சுமந்து செல்லுதல். இலத்தீனில் வெக்டர் என்பதும் சுமப்பவர்தான். டெங்கு நுளம்பை நோய்க்காவி என்கிறோமே, அதே சொல். 1840களில் வெக்டர் என்ற சொல்லைக் கணிதத்துக்குள் கொண்டுவந்த அயர்லாந்துக்காரர் ஹமில்டனும், ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குக் காவுவது என்ற கருத்தில்தான் எடுத்தார்.

சி பிளஸ் பிளஸ் வெக்டரோ எண்களையும் பெயர்களையும் வரிசையாக அடுக்கி வைக்கும் பெட்டி. இடம் போதாவிட்டால் பெரிய இடம் பார்த்து எல்லாவற்றையும் அங்கே மாற்றிக்கொள்ளும். (அப்போது மட்டும் காவுகிறதுதானே என்று பகிடி விட்டாள் பேத்தி.) அவள் பல்கலைக்கழக முதல் வருடத்தில் இரண்டு வெக்டர்களுக்கு நடுவே கூட்டல் குறி போட, நிரல் மறுத்துவிட்டது. "அம்மப்பா, காவிகளைக் கூட்டுற இணைகர விதி இதுக்குத் தெரியாதோ?" என்று கேட்டாள். ஊர்ப்பெயர்கள் நிரம்பிய பெட்டியில் எதை எதோடு கூட்டுவது? சுன்னாகத்தோடு மருதனாமடத்தையா? முப்பரிமாணக் காவியின் வாலில் நாலாவது கூறைக் கொழுவ முடியாது. இந்த வெக்டரில் எத்தனையும் கொழுவலாம்.

இந்தப் பெட்டிக்கு வெக்டர் என்று பெயர் வைத்த அலெக்சாண்டர் ஸ்டெபனோவ் மொஸ்கோவில் கணிதம் படித்தவர். ஸ்கீம், கொமன் லிஸ்ப் என்ற முந்தைய நிரல் மொழிகளில் கிடந்த பெயரை அப்படியே எடுத்தார். வெக்டர் அடங்கிய அவருடைய நிரல் நூலகத்தை 1994இல் சி பிளஸ் பிளஸ் தரக்குழு ஏற்றுக்கொண்டது. கணிதத்தின் பழைய பொருளோடு இது ஒத்துப்போகவில்லை, 'அரே' (அணி) என்றே வைத்திருக்க வேண்டும் என்று பின்னாளில் அவரே எழுதினார். அதற்குள் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஆங்கிலத்தில் இனி மாற்ற வழியில்லை, சரி. தமிழில் அந்தப் பிழையை ஏன் நாமாகத் தலையில் ஏற்ற வேண்டும்? 'நீளும் அணி' என்று எழுதலாம். தமிழகத்தில் அணி என்றால் நமது தாயம், ஆங்கிலத்தில் மேட்ரிக்ஸ். அது வேறு சிக்கல். இல்லாவிட்டால் வெக்டர் என்றே விட்டுவிடலாம்.

கணினி விளையாட்டில் பந்தின் வேகத்தைக் குறிக்கும் வெக்டர் மட்டும் அசல் காவி. அதைப்பற்றி எழுதும்போது அந்த அடைப்பையும் தாராளமாகப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
சுன்னாகம்