ஓடிப்போன பிசியோ எழுதுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 8, உலக இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) தினத்துக்காக நீங்கள் போட்டிருந்த நாலு பக்கக் கட்டுரையைப் படித்தேன். முழங்கால் வலிக்கு என்ன பயிற்சி, கழுத்து வலிக்கு எந்தத் தலையணை, எல்லாம் சரி. மூன்றாம் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனை நிர்வாகி போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறார்: இப்போது வருகிற பிசியோக்களுக்குப் பொறுமை கிடையாது, ஆறு மாதம் நிற்பதில்லை, 500 ரூபாய் கூடக் கிடைத்தால் ஓடிவிடுகிறார்கள். நீங்களும் அதைக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டீர்கள். ஓடுகிறவர்களில் ஒருவரையாவது பிடித்து, ஏனம்மா ஓடுகிறாய் என்று உங்கள் நிருபர் கேட்டிருக்கலாம். பிடிக்க முடியாத வேகத்தில் ஓடிவிட்டோம் போலிருக்கிறது.

14 வருடத்தில் ஐந்து இடம் மாறியவள் நான். 2011-இல் பிபிடி, அதாவது பிசியோதெரபி இளங்கலைப் படிப்பு, முடித்தேன். இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து நாலரை வருடப் படிப்பு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, ஆறு மாத மசாஜ் கோர்ஸ் என்று நினைக்கிற நிர்வாகிகளும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். முதல் வேலைக்குச் சம்பளம் 8,000. சேர்ந்த அன்றே அசல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். ஒன்றரை வருடம் கழித்து விலகுகிறேன் என்றபோது இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு எடுத்துப் போ என்றார்கள். அப்பா வட்டிக்கு வாங்கிக் கொடுத்தார். ஆகவே நான் 500 ரூபாய்க்காக ஓடவில்லை ஐயா, 16,000 கொடுத்துவிட்டு ஓடினேன்.

பொறுமையைப் பற்றி அவர் பேசியதுதான் எனக்கு ஆறவே இல்லை. பக்கவாதம் வந்தவரின் விரல் அசைய மூன்று மாதம் ஆகும், சிலருக்கு அசையாமலே போகும். அதுவரை தினமும் அதே கையைப் பிடித்து, அதே பயிற்சியை, அதே குரலில் சொல்லிக் கொடுக்கிறவளுக்குப் பொறுமை இல்லையாம்.

இரண்டாவது இடத்தில் ஒரு நாளைக்கு 30 பேர் பார்த்தேன். பக்கவாத நோயாளி ஒருவரை எழுப்பி உட்கார வைத்து, பிடித்து நிற்க வைத்து, நாலு எட்டு நடக்க வைக்க முக்கால் மணி நேரம் வேண்டும். 30 பேருக்கும் அப்படிக் கொடுத்தால் 22 மணி 30 நிமிடம். அதனால் என்ன செய்வோம் என்றால், ஒருவர் தோளில் ஐஎஃப்டி என்கிற வலி குறைக்கும் மின்சார மெஷினை மாட்டிவிட்டு, அடுத்தவரைக் கழுத்தையோ இடுப்பையோ இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷனில் போட்டு, இன்னொருவர் கையைச் சூடான மெழுகில் முக்கி வைத்துவிட்டு, டைமர் எங்கே மணி அடிக்கிறதோ அங்கே ஓடுவோம் (இந்த ஓட்டத்தை உங்கள் நிர்வாகி பார்த்ததில்லை போல). தோள் இறுகிப்போனவருக்கு மெஷின் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான், கை மேலே போக வேண்டுமென்றால் நான் கை வைத்து மூட்டைத் தளர்த்த வேண்டும், அவரும் வீட்டில் பயிற்சி செய்ய வேண்டும். படித்ததெல்லாம் நினைவில்தான் இருக்கிறது. டாக்டர் சீட்டில் 'ஐஎஃப்டி 10 நாள்' என்று வந்திருக்கும். பதினோராம் நாள் கை தூக்க வரவில்லை என்று அவர்கள் வந்து சத்தம் போடுவது என்னிடம். அங்கே எனக்கு மாதம் 11,000. நோயாளியிடம் ஒரு தடவைக்கு 350 வாங்கினார்கள். கணக்கு உங்களுக்குப் போடத் தெரியும்.

மூன்றாவது இடத்தைப் பற்றி எழுதவே பிடிக்கவில்லை. கர்ப்பமாக இருந்தேன். மின்காந்த அலையால் உடம்புக்குள் சூடு கொடுக்கும் எஸ்டபிள்யூடி மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கக்கூடாது, வேறு ஆள் போடுங்கள் என்று கேட்டேன். அப்படியென்றால் லீவில் போய்விடு என்றார்கள், சம்பளம் இல்லாமல். போனேன். திரும்ப வந்தபோது என் இடத்தில் அந்த வருடம் படித்து முடித்த பெண் ஒருத்தி, என்னைவிட 3,000 குறைவான சம்பளத்துக்கு.

இந்த மாற்றங்களில் உண்மையில் நஷ்டப்படுகிறவர் யார் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நாலாவது இடத்தை விட்டு வரும்போது, அப்போதுதான் கைத்தடியோடு நடக்கத் தொடங்கியிருந்த ஒரு பெரியவர், "இனிமே வர்ற பொண்ணுக்கு என் காலைப் பத்தித் தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியாது. முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அவளும் ஆறு மாதத்தில் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதற்குள் இடுப்பில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது, 80 கிலோ ஆட்களைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தனியாக மாற்றியதன் பலன். நோயாளிகளுக்குக் குனியாதீர்கள் என்று பாடம் எடுப்பதும் நானேதான்.

அரசு வேலைக்குப் போகலாமே என்பீர்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம், ஐ.நா. விருதுகூட வாங்கியது, அதில் வீட்டுக்கே போய்ச் சிகிச்சை கொடுக்கும் பிசியோவுக்கு மாவட்ட நலவாழ்வுச் சங்க அறிவிப்பில் நான் பார்த்த சம்பளம் 13,000, அதுவும் தற்காலிகப் பணி. என்னோடு படித்தவர்களில் நாலு பேர் சென்னையில் மெடிக்கல் கோடிங்கில், அதாவது சிகிச்சைக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றும் கம்ப்யூட்டர் வேலையில், உட்கார்ந்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறார்கள், முதுகும் நன்றாக இருக்கிறது.

உங்கள் இதழ் வந்த அதே வாரம், 2025 செப்டம்பர் 9-ஆம் தேதி, பிசியோக்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் போடக்கூடாது என்று டெல்லியிலிருந்து மத்திய சுகாதாரத் துறையின் கடிதம் ஒன்று வந்து, மறுநாளே திரும்பப் பெறப்பட்டதும் நீங்கள் அறிந்ததே. எனக்கு டாக்டர் பட்டம்கூட வேண்டாம், 'ஏம்மா மசாஜ்' என்று கூப்பிடாமல் இருந்தால் போதும்.

சரி, எழுத வந்த விஷயம். உங்கள் வரி விளம்பரப் பக்கத்தில் 'பிசியோதெரபிஸ்ட் தேவை, பெண்களுக்கு முன்னுரிமை, சம்பளம் நேரில்' என்று ஒரே கைபேசி எண்ணோடு ஒரு விளம்பரம் ஜனவரியிலிருந்து நாலு தடவை வந்திருக்கிறது. கத்தரித்து வைத்திருக்கிறேன். அந்த மருத்துவமனையில் நிலைத்து நிற்பது அந்த விளம்பரம் ஒன்றுதான் போல. போன் செய்தும் பார்த்தேன், சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்கிறார்கள். இனிமேல் இப்படி வருகிற விளம்பரங்களில் சம்பளத்தையும் ஒரு நாளைக்கு எத்தனை நோயாளி என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஒரு வரி கூடும், அதற்கும் நீங்கள் காசு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர்
(பெயர் வேண்டாம், ஐந்தாவது இடத்தில் இன்னும் வேலையில் இருக்கிறேன்)

பி.கு.: கட்டுரைக்கு மேலே நீங்கள் போட்டிருந்த படத்தில் முதுகில் சூடான கல் அடுக்கியிருக்கிறார்கள். அது ஸ்பா.