கிரவுன்-பினியன் மாற்றிய ஜீப்பைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஒன்று வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. சென்ற மாதம் எனக்கு நேர்ந்ததை மற்ற வண்டிக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பின் ஆக்ஸிலில் சத்தம் வந்ததால் மதுரையில் ஒரு பட்டறையில் விட்டு கிரவுன்-பினியனை, அதாவது எஞ்சினின் சுற்றைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பெரிய, சின்னப் பல்சக்கர ஜோடியை, புதிதாக மாற்றினேன். மதியம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால், செக்கானூரணி தாண்டியதும் டீசல் பம்ப் மக்கர் செய்து எஞ்சின் நின்றுவிட்டது. பட்டறைக்குப் போன் போட்டேன். “நியூட்ரல்ல போட்டு ஊருக்கே இழுத்துட்டுப் போயிருங்கண்ணே. எஞ்சினே ஓடலையே, என்ன ஆகப்போகுது?” என்றார்கள். சரி என்று மச்சானை பிக்கப் வண்டியோடு வரவழைத்துக் கயிறு கட்டினோம். போடிக்கு இன்னும் எழுபது கிலோமீட்டருக்கு மேல்.

உசிலம்பட்டி வரும்போதே பின்னாலிருந்து லேசாக ஒரு ஊளைச் சத்தம். புது கியர், போகப்போகப் பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஆண்டிபட்டி கணவாய் இறங்கியதும் அது உறுமலாக மாறியது. ஹார்ன் அடித்து நிறுத்தச் சொன்னேன். அந்தப் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் (பின் ஆக்ஸிலின் நடுக்கூடு) மேல் கையை வைக்கவே முடியவில்லை. பாட்டில் தண்ணீரைத் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகிறது. சூடு ஆறியபின் ஆயில் ஊற்றும் துளையின் மூடியைத் திருகி எடுத்து விரலை விட்டுப் பார்த்தேன். துளையின் அடிவிளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். இரண்டு கணு உள்ளே போயும் விரலில் ஆயில் படவில்லை. மறுநாள் போடியில் கழற்றியபோது வடிந்த ஆயில் வெள்ளிப்பொடி கலந்ததுபோல் மின்னியது. பல்லெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தயாராகி வருபவை, ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. முழு செட்டும் மறுபடி வாங்க வேண்டியதாயிற்று.

எஞ்சின் ஓடாவிட்டால் உள்ளே எதுவும் சுற்றாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சக்கரம் சுற்றினால் ஆக்ஸில் ஷாஃப்ட் சுற்றும், அதோடு கிரவுன் சுற்றும், கிரவுன் பினியனைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் பக்கம்தான் தப்பிக்கும். அதுவும் தலைகீழ் வேலை: ஓட்டும்போது பினியன் கிரவுனைத் தள்ளுகிறது, இழுக்கும்போது கிரவுன் பினியனைத் தள்ளுகிறது. பல்லின் மறுமுகம் உரசுகிறது. புதுப் பல் இன்னும் வழவழப்பாகியிருக்காது, பேரிங்கும் புதிது, இறுக்கமாக இருக்கும். அதனால்தான் முதலில் பதினைந்து இருபது நிமிடம் மெதுவாக ஓட்டி, நன்றாக ஆறவிட்டு, அப்படியே சில தடவை செய்யச் சொல்கிறார்கள். சுமார் 800 கிலோமீட்டர் வரை கனமான லோடு ஏற்றக் கூடாது, டிரெய்லர் மாட்டக் கூடாது, அப்புறம் ஆயிலை வடித்துப் புது ஜிஎல்-5 கியர் ஆயில் ஊற்ற வேண்டும். இதை எனக்கு விளக்கியது போடியில் உள்ள வயதான மெக்கானிக் ஒருவர். பணம் வாங்கிய பட்டறை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் தவறும் உண்டு. இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டுமென்று ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போனோம். 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே (2017-இல் இவற்றுக்குப் பதில் புது விதிகள் வந்துவிட்டன), பழுதான வண்டியை இழுக்கும்போது மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பக்கத்துப் பட்டறை வரைதான் இழுக்க வேண்டும் என்று இருந்தது பிறகுதான் தெரிந்தது. நிதானமாகப் போய் நடுநடுவே நிறுத்தித் தொட்டுப் பார்த்திருந்தால் உசிலம்பட்டியிலேயே தெரிந்திருக்கும்.

ரெக்கவரி லாரியில் நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றுவதுதான் சரி. அது கிடைக்காவிட்டால், முன்சக்கரங்கள் ஆக்ஸில் ஷாஃப்டோடு சேராமல் தனியாக உருளும்படி முன் ஹப்பை ஃப்ரீயில் போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கி இழுக்கலாம். லாரிகளில் ஆக்ஸில் ஷாஃப்டை உருவிவிட்டு இழுப்பார்கள். அதை எல்லா ஜீப்பிலும் செய்ய முடியாது. சிலவற்றில் சக்கரத்தைத் தாங்குவதே அந்த ஷாஃப்ட்தான்.

எனக்குப் போனது பணம், அதைச் சம்பாதித்துக்கொள்ளலாம். ஆனால் மலையில் நின்றுபோன ஜீப்பைக் கயிறு கட்டி இறக்கி, எஞ்சினை மட்டும் சரிசெய்து, மறுநாள் விடியற்காலையிலேயே அதே வண்டியில் கூலிப் பெண்களை நெருக்கி உட்கார வைத்து போடிமெட்டு ஏற்றுகிறோம். பதினேழு கொண்டை ஊசி வளைவு. அங்கே பினியன் பேரிங் பிடித்துக்கொண்டு பின்சக்கரங்கள் இறுகி நின்றால் என்ன நடக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பட்டறை உரிமையாளர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிரவுன்-பினியன் மாற்றினால் பில்லோடு தமிழில் ஒரு சீட்டு கொடுங்கள். என்ன ஆயில், எத்தனை லிட்டர் ஊற்றியது, எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், சக்கரம் தரையில் உருள இழுக்கக் கூடாது. இந்த நான்கு வரி போதும். வண்டி வெளியே போகும் முன் மூடியைத் திறந்து ஆயில் மட்டத்தை ஓட்டுநர் கண்ணெதிரே காட்டுங்கள். ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டால் எங்கள் யாருக்கும் பேப்பர் பார்க்க நேரம் இருக்காது. அதற்கு முன்பே இக்கடிதத்தை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜீப் உரிமையாளர் ஒருவர்,
போடிநாயக்கனூர்.