வண்டியை என் பேருக்கு மாற்றித் தா, மக்களே

அன்புள்ள மகளே,

நாங்கள் சுகம். அப்பாவுக்குத் தோள் வலி மட்டும் மழை நாளில் கூடுகிறது. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ டியூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் பாதியில் நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அக்காவின் மகள் பதினெட்டாம் தேதி மஸ்கட் திரும்புகிறாள். அவள் கையில் இந்தக் கடிதத்தோடு மூன்று தாளும் கொடுத்துவிடுகிறேன். கசங்காமல் வை. என்ன தாள் என்று கடைசியில் சொல்கிறேன்.

போன மாதம் நீ, "அந்தப் பழைய ஸ்பிளெண்டரை வித்திருங்கம்மா, நான் பணம் அனுப்புறேன், புதுசா ஒரு ஸ்கூட்டி எடுங்க" என்று சொன்னாய். பார்க்கலாம் என்று சொல்லி போனை வைத்தேன். விற்கப் போவதில்லை. அந்த வண்டியை நான் ஓட்டப் படித்துவிட்டேன். லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது. வந்த பிறகு சொல்லலாம் என்றுதான் நாலு மாதமாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

காரணம் தேனீதான். நம்முடைய முப்பத்திரண்டு பெட்டியும் மூன்று இடத்தில் கிடக்கின்றன. வீட்டைச் சுற்றிப் பத்து, திற்பரப்புப் பக்கம் ரப்பர் விளையில் பன்னிரண்டு, பேச்சிப்பாறை போகிற வழியில் மீதி. வழக்கமாக வருகிற ஆட்டோக்காரத் தம்பி இந்த வருஷம் ஆட்டோவை விற்றுவிட்டுக் கேரளத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். ஜூன், ஜூலை மழையில் தேனீக்கு வெளியே தீனி கிடையாது. வாரம் ஒரு தடவையாவது சீனிப் பாகு வைத்தாக வேண்டும். பஸ்ஸை நம்பியதில் இரண்டு வாரம் தப்பிப் போயிற்று. மூன்றாம் வாரம் போய்த் திறந்தால் ஆறு பெட்டி காலி. ஒரு தேனீகூடச் செத்துக் கிடக்கவில்லை, எல்லாம் கூட்டை விட்டுப் பறந்துவிட்டன. அடை மட்டும் இருந்தது, காய்ந்த காகிதம் மாதிரி. கடைசிப் பெட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். வீட்டில் ஒரு வண்டி தார்ப்பாய் மூடி நிற்கிறது, அதை எடுக்க ஆளில்லை. அப்பாவுக்குத் தோள், எனக்குப் பயம்.

அந்தப் பயத்தைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். 2017-ல் நீ முதல் மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்து அந்த வண்டியை வாங்கி முற்றத்தில் நிறுத்தினாய். 2009 மாடல், டேங்கில் ஹீரோ ஹோண்டா என்று எழுத்து. அந்த இரண்டு கம்பெனியும் பிரிந்தே அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. நைட் டியூட்டி முடிந்து காலை பஸ்ஸுக்கு நிற்க முடியவில்லை என்று நீ சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது, நாளைக்கு ஒரு சம்பந்தம் வந்தால் என்ன சொல்வேன் என்று கத்தினேன். மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நீ பள்ளி மைதானத்தில் விழுந்து முழங்கை தோலுரிந்து வந்த அன்று மருந்துகூட அப்பாதான் போட்டார். நான் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. இப்போது எனக்கு முழங்கை உரிந்தபோதுதான் அன்று உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. அன்று நான் செய்தது தப்பு, மக்களே. இதை முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். 2024-ல் நீ லீவில் வந்து ஆர்சியைப் புதுப்பித்துவிட்டுப் போனாயே, அதன் பிறகு யாரும் தொடவில்லை. ஒர்க்‌ஷாப் தம்பியை வீட்டுக்கே கூப்பிட்டோம். டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலை இறக்கி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். பிளக், ஏர் ஃபில்டர், இன்ஜின் ஆயில், கிளட்ச் கேபிள் எல்லாம் புதிது. பின் டயரின் ஓரத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு. "அக்கா, டயர்ல பட்டன் இன்னும் தேயலையேன்னு பாக்காதீங்க, ரப்பர் செத்துப் போச்சு" என்றான். அதையும் மாற்றினோம். உன் ஹெல்மெட்டின் உள் பஞ்சு கைவைத்ததும் பொடியாக உதிர்ந்தது. ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து மார்த்தாண்டத்தில் புதிது ஒன்று வாங்கினேன்.

அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தை நீ கேட்க வேண்டும். உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தாரா என்று தெரியவில்லை. முதல் இரண்டு நாள் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே விடவில்லை. முற்றத்தில் தள்ளச் சொன்னார், திருப்பச் சொன்னார், ஸ்டாண்ட் போட்டு எடுக்கச் சொன்னார். நூற்றுப் பத்து கிலோவுக்குக் கிட்ட இருக்கும் வண்டி, ஆனால் நேராக நிற்கிற வரைக்கும் ஒரு கைக்கு அடங்குகிறது. கொஞ்சம் சாய்ந்துவிட்டால்தான் பாரம் முழுவதையும் காட்டுகிறது. எந்த அளவு சாயும்வரை பிடிக்கலாம் என்று என் இடுப்புக்குத் தெரிந்த பிறகே பெட்ரோல் குமிழைத் திறந்தார்.

மூன்றாம் நாள் வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டார். பின் சக்கரம் தரையில் தொடாமல் நிற்கிறது. சோக் இழுத்து, கிக்கர் உதைத்து ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச்சைப் பிடித்து ஃபர்ஸ்ட் கியர் போடச் சொன்னார். அப்புறம் அவர் பின்னால் போய்க் குத்தவைத்துக்கொண்டார். "பைய விடு. சத்தத்தைக் கேளு." நான் நூல் நூலாகக் கிளட்ச்சை விட்டேன். பாதி தூரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு இடத்தில் இன்ஜின் குரல் லேசாகத் தாழ்ந்தது, பாரம் தூக்குகிற ஆள் மூச்சை அடக்குவது மாதிரி. உடனே பின் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. "அங்கதான் கிளட்ச் பிடிக்குது, கேட்டியா? இன்னும் ஒரு தடவை." அன்று முப்பது தடவையாவது செய்திருப்பேன். உள்ளங்கை சிவந்துவிட்டது. அந்த இடம் விரலுக்குப் பிடிபட்ட பிறகு வண்டி எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. பெட்டியைத் திறக்கும்போது தேனீயின் ரீங்காரம் மாறுவதை வைத்துக் கோபமா இல்லையா என்று தெரிந்துகொள்வேன் அல்லவா, அதே காதுதான் இதற்கும் வேண்டியிருந்தது.

பேலன்ஸ் எனக்குப் பாடமாகவே இல்லை. சின்ன வயசில் அண்ணன் சைக்கிளில் ஓட்டிப் படித்ததை உடம்பு மறக்கவில்லை. மைதானத்தில் என்னைப் படுத்தியது கண்தான். முன் டயரையே பார்ப்பேன், வண்டி ஆடும். தேக்கு மரத்தைப் பார்த்துப் பயந்தால் வண்டி நேரே தேக்குக்கே போகும். "மரத்தைப் பாக்காதே, மரத்துக்குப் பக்கத்துல இருக்கிற வழியைப் பாரு" என்று அப்பா சுவரில் உட்கார்ந்து கத்துவார். கியர் சீக்கிரம் பழகிவிட்டது. நம் வண்டிக்கு நாலு கியரும் முன்னால் மிதிப்பது, குறைக்க வேண்டுமென்றால் குதிகாலால் பின்னால் மிதிப்பது. உன் தம்பிமாரின் பல்சரில் ஒன்று கீழே, மீதி மேலே. அதை எடுத்து ஓட்டிப் பார் என்றார்கள். கால் குழம்பிவிடும், வேண்டாம் என்றுவிட்டேன்.

விழுந்ததையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ பதற வேண்டாம். ஆகஸ்டில் எல்எல்ஆர், அதுதான் ஓட்டிப் பழகுகிற லைசென்ஸ், வாங்கி, எல் போர்டு ஒட்டி, அப்பாவைப் பின்னால் வைத்துக்கொண்டு திற்பரப்புப் பெட்டிகளைப் பார்க்கப் போனேன். விளைக்கு ஏறுகிற செம்மண் ஏற்றம் உனக்குத் தெரியும். அப்பா கீழேயே இறங்கி நடந்து வந்தார். நான் செகண்ட் கியரில் ஏறினேன். பாதியில் வண்டி இழுக்கவில்லை, ஆஃப் ஆகிவிட்டது. நான் கையால் முன் பிரேக்கை மட்டும் பிடித்தேன். முன் சக்கரம் நனைந்த மண்ணில் வழுக்கி வண்டி பின்னால் இறங்கியது. இடது பக்கம் சாய்ந்தோம், நானும் வண்டியும். கிராஷ் கார்டு பாரத்தைத் தாங்கியதால் கால் தப்பித்தது. முழங்கை உரிந்தது, கிளட்ச் லீவர் நுனி முறிந்தது. அவ்வளவுதான். அப்பா ஓடி வந்து முதலில் பெட்ரோல் குமிழை மூடினார், அப்புறம் என்னைத் தூக்கினார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, அதுதான் சரியான வரிசை.

மறுநாள் அதே ஏற்றத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நடுவில் நிறுத்தச் சொன்னார். இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். ஃபர்ஸ்ட் கியர். கிளட்ச்சை விட்டு அந்த இடம் வந்ததும் நிறுத்து, வண்டி முன்னால் போகத் துடிக்கும், அப்போது ஆக்சிலேட்டர் கொஞ்சம் கொடு, பிரேக்கை விடு. ஏழாவது தடவை ஏறிவிட்டேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் அப்பா கீழே இடுப்பில் கைவைத்து நிற்கிறார். கண் கலங்கியிருந்தது என்று நினைக்கிறேன், கேட்டால் வியர்வை என்பார்.

இந்த ஏற்றத்தை மனதில் வைத்துத்தான் ஸ்கூட்டி வேண்டாம் என்கிறேன். டவுனில் ஓட்ட அது சுகம்தான், குறை சொல்ல மாட்டேன். நம் விளைகளில் வேர் குறுக்கே ஓடுகிறது, மழை வெட்டிய பள்ளம் கிடக்கிறது. ஸ்பிளெண்டருக்குப் பதினெட்டு இஞ்ச் சக்கரம், பள்ளத்தில் ஏறி இறங்கிப் போகும். ஸ்கூட்டியின் சின்னச் சக்கரம் அதில் முட்டி நிற்கும். இறக்கத்தில் செகண்ட் கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது, பிரேக்கை அழுத்திக்கொண்டே வர வேண்டியதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. புது வண்டியாக இருந்திருந்தால் அன்று விழுந்த பிறகு மறுபடி ஏறியிருக்க மாட்டேன். ஒவ்வொரு கீறலும் காசாகத் தெரிந்திருக்கும். இதில் நீ விழுந்த கீறல் ஏற்கெனவே சைலன்சரில் இருந்தது. என்னுடையது இடது பக்கம் சேர்ந்திருக்கிறது.

லைசென்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாற்பது வயசு தாண்டியவர்களுக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டும், வாங்கினேன். கம்ப்யூட்டரில் சாலைக் குறிகள் பற்றிய கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னேன். எல்எல்ஆர் எடுத்து முப்பது நாள் கழித்து எட்டு போடப் போனேன். இருபது வயசுப் பையன்களின் வரிசையில் ஒரே பெண் நான், அதுவும் கியர் வண்டியோடு. இரண்டாவது வளைவில் கால் ஊன்றிவிட்டேன். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த வாரம் முழுக்க முற்றத்தில் இரண்டு தேனீப் பெட்டியை வைத்து அதைச் சுற்றி எட்டு போட்டேன். கிளட்ச்சைப் பாதியில் வைத்து, பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு, கண்ணை அடுத்த வளைவில் வைத்தால் வண்டி நூல் பிடித்த மாதிரி சுற்றுகிறது. இரண்டாம் தடவை கால் ஊன்றவில்லை.

நீ கவலைப்படுவாய் என்று தெரியும். சேலையில் ஓட்டுவதில்லை. சுடிதார்தான், ஷாலை முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுவிடுவேன். இருட்டின பிறகு எடுப்பதில்லை. ரப்பர் இலை உதிர்ந்து நனைந்து கிடக்கிற ரோட்டில் பிரேக்கைத் தொடாமல் கியரைக் குறைத்துப் போகிறேன். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் இன்னும் ஏறவில்லை, அந்த நெரிசலுக்கு நான் தயாராகவில்லை. தயாராகும்போது அப்பா சொல்வார்.

இனி அந்த மூன்று தாள். வண்டி உன் பேரில் இருக்கிறது. நான் தினம் ஓட்டுகிறேன், நாளைக்கு ஒன்று என்றால் நீ அங்கே இருந்துகொண்டு பதில் சொல்ல வேண்டி வரும். அதனால் பேர் மாற்றுகிறதுக்கான ஃபாரம் 29 இரண்டும் ஃபாரம் 30 ஒன்றும் வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகப் புள்ளி வைத்திருக்கிறேன். ஆர்சி எடுத்தபோது போட்ட கையெழுத்தையே போடு, இப்போது ஆஸ்பத்திரியில் போடுகிற சுருக்கக் கையெழுத்து வேண்டாம். பேர் மாறினதும் இன்சூரன்ஸையும் மாற்றிவிடுவோம். உன் காசில் வாங்கின வண்டி, இருபத்தோராயிரம் கொடுத்தாய் என்று அப்பா சொன்னார். பிப்ரவரியில் ரப்பர் தளிர்க்கும்போது தேன் வரும். முதல் எடுப்பு விற்ற பணம் உன் பேங்க் கணக்குக்கு வரும், வேண்டாம் என்று சொல்லாதே.

நீ கிறிஸ்மஸுக்கு லீவில் வருகிறாய் அல்லவா. குலசேகரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நில். ஆட்டோ பிடிக்காதே. சின்னப் பை மட்டும் கையில் வைத்துக்கொள், பெரிய பெட்டியை மாமா எடுத்து வருவார். உனக்கு ஒரு ஹெல்மெட் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா