இடதுசாரிக் கட்சிகளின் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களே,

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நீங்கள் சொல்வது ஒன்றுதான்: தொழிலாளர்கள் பிற்போக்குப் பிரச்சாரத்துக்குப் பலியாகிவிட்டார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். ஷிப்டு முடித்து வந்து வரிசையில் நின்று வாக்களிக்கிறவரை ஏமாளி என்று சொல்லிவிட்டு, அடுத்த தேர்தலில் எந்த முகத்தோடு அவர் வாசலில் போய் நிற்பீர்கள்?

இங்கிலாந்தின் போல்சோவர் நிலக்கரிச் சுரங்கத் தொகுதி. 1950-ல் உருவான நாளிலிருந்து இடதுசாரிப் பக்கம் நிற்கும் லேபர் கட்சியின் கோட்டை. 2019-ல் அது வலதுசாரி கன்சர்வேட்டிவ் கட்சியிடம் போனது. அதற்கு வெகுகாலம் முன்பே சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. சங்கமும், நாலு பேர் கூடிப் பேசும் இடமும் அவற்றோடு போயின. 2024-ல் தொகுதி திரும்பியது, சரி. ஆனால் நாடு முழுக்க லேபர் வாங்கிய மொத்த வாக்குகள், 2019-ல் தோற்றபோது வாங்கியதைவிடக் குறைவு.

ஜெர்மனியில் நீண்டகாலம் வேலையில்லாமல் இருந்தவர்களின் உதவித்தொகையில் கைவைத்த ஹார்ட்ஸ் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்ததே சமூக ஜனநாயகக் கட்சி தலைமையிலான அரசுதான். 1998-ல் 40.9 சதவீதம் வாங்கிய அந்தக் கட்சி 2025-ல் 16.4-க்கு இறங்கியது. அது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் வயிற்றில் அடித்தவர்களை யாரும் லேசில் மறப்பதில்லை.

பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையை 1948-ல் தொடங்கிவைத்த அமைச்சர் அனைரின் பெவன், சிறுவனாகவே சுரங்கத்தில் இறங்கியவர். பிரேசிலில் அதிபராக உயர்ந்த லூலா ஆலை இயந்திரத்தில் ஒரு விரலை இழந்தவர். இன்று உங்கள் வேட்பாளர் பட்டியலில் அப்படி எத்தனை பேர்? வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் நல்லவர்கள்தான். ஆனால் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை அவர்களுக்கு யாராவது விளக்க வேண்டியிருக்கிறது.

கிளைக் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைக்கிறீர்கள். கிடங்கில் வேலை செய்கிறவருக்கு இரவு ஷிப்டு தொடங்குவதே அப்போதுதான். உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறவருக்கு ஆர்டர் குவிகிற நேரமும் அதுவே. செயலியை அணைத்துவிட்டு வந்தால் அன்றைய வருமானம் போச்சு. அப்புறம், தொழிலாளர்கள் அரசியலில் ஆர்வம் காட்டுவதில்லை என்று குறிப்பெழுதுகிறீர்கள். ஆர்வம் இல்லாமலா உபர் ஓட்டுநர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்? குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்தோடு விடுமுறையும் தங்களுக்கு உண்டு என்று 2021-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார்கள்.

இப்படிப்பட்டவர்களை வேட்பாளராக்குங்கள், ஜெயிக்கக்கூடிய தொகுதிகளில். பிரச்சார நாட்களில் அவர்கள் இழக்கும் கூலியைக் கட்சி நிதியிலிருந்து கொடுங்கள். அடுத்த பட்டியல் வெளியானதும் நாங்கள் முதலில் பார்க்கப்போவது அதைத்தான்.

தோழமையுடன்,
உழைத்துப் பிழைக்கும் ஒரு வாக்காளர்