மஞ்சள் மூடிப் போத்தல்

வெள்ளவத்தை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. தொடர்மாடி லிஃப்ட் திரும்பவும் நின்றுவிட்டது. ஆனாலும் ஆடிவேலுக்குப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குப் போயே தீருவேன் என்று அப்பா நிற்கிறார். படி இறங்கும்போது வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டுதான் இறங்குகிறார். ஏன் என்று உனக்கு எழுதத் தேவையில்லை.

அவருடைய இடது கண்ணில் குளுக்கோமா அழுத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. லிப்டன் சுற்றுவட்டத்துக் கண்ணாஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒரு தவணையும் தவறவிடாமல் கூட்டிக்கொண்டு போகிறேன். இரவில் லட்டனோபுரோஸ்ட் ஒரு சொட்டு. அந்த மருந்தால் இடது கண் இமைமயிர் மட்டும் நீண்டு கறுத்து வளைந்திருக்கிறது. மை பூசினீர்களா என்று கேட்டுச் சிரிக்கிறேன், அவருக்குக் கோபம் வருகிறது. திறந்த போத்தலை 25 பாகைக்குக் கீழே வை என்று தாளில் போட்டிருக்கிறார்கள். கொழும்பில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.

அழுத்தம் கூடிய நேரம் டயமொக்ஸ் குளிசை கொடுத்தார்களே, அப்போது அவருக்கு விரல் நுனி விறைத்து விறைத்து வந்தது. சோடா குடித்தால் ருசி கெட்டுக் கிடக்கிறது என்பார். ஒருநாள் தலையிடிக்கு டிஸ்பிரின் கேட்டார். நான் அலுமாரியைப் பூட்டித் திறப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். டிஸ்பிரின் என்றால் அஸ்பிரின்தானே. டயமொக்ஸோடு அஸ்பிரின் அதிக அளவில் சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறும், ஆள் குழம்பிப் போகும், மயக்கம் வரையும் கொண்டுபோகும். கண் மருந்து கண்ணோடு, தலையிடி மருந்து தலையோடு என்று நினைக்கிறவர்களைக் கவுண்டரில் நின்று நிறையப் பார்த்திருக்கிறேன். பிரிமோனிடின் என்ற கண் சொட்டு விடுகிறவர் கோடீன் கலந்த நோக்குளிசையும் போட்டால் தூக்கம் இரட்டிப்பாகும், அந்த நிலையில் கார் ஓட்டக்கூடாது. இதையெல்லாம் சும்மா பொதுவாகத்தான் எழுதுகிறேன்.

மேல்மாடி டீச்சரின் மகள் அடுத்த மாதம் ரொறன்ரோ வருகிறாள். அவளிடம் மிளகாய்த்தூளும் சித்தாலேப நோத்தைலமும் கொடுத்துவிடுகிறேன். தைலத்தை உன் நாரிக்கு, அந்த இடுப்பு நோவுக்குப் பூசு. பூசிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் கண் பக்கம் கொண்டுபோகாதே. கண்ணுக்கு எது விடுவதென்றாலும் முதலில் கையைக் கழுவு.

சரி, சுற்றி வளைத்தது போதும்.

வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தபோது வேலை என்று சொல்லி அவசரமாக வைத்தாயே, அதற்கு முன்பே நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். உன் பின்னால் மேசையில், சாவிக்கொத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னச் சொட்டுப் போத்தல். மஞ்சள் மூடி. அதற்குப் பக்கத்தில் பெரிய அட்வில் டப்பா, மூடி திறந்தபடி. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அவளைப் பிடித்துத் திட்டாதே. காலி வீதிப் பார்மசியில் நின்றே தலை நரைத்தவள் நான். உங்கள் பக்கத்தில் கண் சொட்டுக்கு மூடியின் நிறமே பாதிக் கதையைச் சொல்லும். லட்டனோபுரோஸ்ட் வகைக்கு நீலப்பச்சை, பிரிமோனிடினுக்கு ஊதா, டைமோலோல் வகைக்கு மஞ்சள்.

அப்பாவுக்கு வந்ததால் நீங்கள் இரண்டு பேரும் கண் அழுத்தம் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ தரம் சொன்னேன். நீ சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்து, மருந்தும் எடுத்திருக்கிறாய். உன் வயதில் அப்பாவை வாசல் வரைக்கும் கொண்டுபோக முடிந்ததா? அந்த விஷயத்தில் உன்னை மெச்சத்தான் வேண்டும். ஆனால் பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல மனம் வரவில்லை, பார். மருந்துத் துண்டோடு யார் யாரோ வந்து என்னிடம் கேட்டுப் போனார்கள். என் பிள்ளைக்கு மட்டும் நான் வேண்டாதவள்.

கோபத்தில் எழுதுகிறேன், விடு. விஷயத்துக்கு வருகிறேன்.

டைமோலோல் நல்ல மருந்து. 1978இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததிலிருந்து எத்தனையோ பேரின் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் விடுகிற சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. மூக்கோரத்து மூலையில் இருக்கிற சின்னத் துவாரத்தால் மூக்குக்குள் இறங்கி இரத்தத்தில் சேர்கிறது. குளிசை என்றால் முதலில் ஈரலுக்குப் போய் வலு குறையும், இதற்கு அந்தத் தடை இல்லை. அதனால் நாடி மெதுவாகலாம், உடம்பு சோரலாம். தொய்வு, அதுதான் ஆஸ்துமா, உள்ளவனுக்கு மூச்சுக்குழாய் இறுகலாம்.

உனக்குத் தொய்வு இருந்தது, தம்பி. மழைக்கால இரவில் முட்டு இழுக்க, நீ கட்டிலில் படுக்க முடியாமல் என் தோளில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருப்பாய். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வரும். வளர்ந்த பிறகு வரவில்லை, அதனால் நீ மறந்திருப்பாய். டொக்டர் கேட்டபோது ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்லியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? டைமோலோல் தாளில் தெளிவாகப் போட்டிருக்கிறது: தொய்வு இருக்கிறவர்கள், முன்பு இருந்தவர்கள், இரண்டு பேருக்கும் கூடாது. முட்டு வந்து வென்டோலின் பம்பை இழுத்தாலும் வழக்கம்போலக் கேட்காது. அது திறக்கப் போகிற கதவைத்தான் டைமோலோல் உள்ளே இருந்து பூட்டி வைக்கிறது.

இப்போது அந்த அட்வில், அதாவது இபுபுரோபன். சொட்டுக்கும் அதற்கும் நேரடியாகப் பெரிய சண்டை இல்லை. ஆனால் தொய்வுக்காரர் சிலருக்கு இபுபுரோபன், அஸ்பிரின், டைக்ளோபெனக், நப்ரொக்சன் எல்லாம் முட்டு வரப்பண்ணும். எல்லாருக்கும் இல்லை, யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்லவும் ஏலாது. இரண்டு பக்கத்தாலும் நெஞ்சை இறுக்குகிற இரண்டை ஒரே மேசையில் வைத்திருக்கிறாய். நாள்கணக்கில் போட்டால் அட்வில் பிரஷரையும் ஏற்றும், வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நாரி நோவுக்குப் பனடோல் போடு, அங்கே டைலனோல் என்று விற்பதும் அதுதான். கண் சொட்டோடு அதற்கு ஒரு தகராறும் இல்லை. 500 மில்லிகிராம் குளிசை என்றால் 24 மணி நேரத்துக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். தடிமன் குளிசைக்குள்ளும் அது இருக்கும், கூட்டிக் கணக்குப் பார். உன்னுடையது கண்ணுக்குள் நீர் வடிகிற கோணம் ஒடுங்கிய வகை என்றால் மூக்கடைப்புக் குளிசையும் தசைப்பிடிப்புக் குளிசை சிலதும் கண்ணுக்கே ஆபத்து. உனக்கு எந்த வகை என்று எனக்கு எப்படித் தெரியும், நீ சொன்னால்தானே.

பயந்துபோய் நீயாகச் சொட்டை நிற்பாட்டிவிட்டுச் சும்மா இருக்காதே. அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும், நோகாது. அப்பாவுக்கும் நோகவில்லை. நாளைக்கே கிளினிக்குக்குப் போன் எடு, தொய்வு இருந்ததைச் சொல்லு, அட்வில் போடுவதையும் சொல்லு. மாற்றித் தருவதற்கு வேறு சொட்டு எத்தனையோ இருக்கிறது. மூச்சு முட்டினால் போனோடு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. எந்தச் சொட்டு விட்டாலும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடி, உடம்புக்குள் போவது குறையும். இரண்டு சொட்டு என்றால் நடுவில் ஐந்து நிமிடம் விடு. தொய்வு இருந்ததைச் சொல்ல மறக்காதே.

அப்பாவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை. அவர் தன்னால்தான் உனக்கு வந்தது என்று நினைக்கத் தொடங்கினால் சாப்பாடு இறங்காது. நீயே ஒருநாள் சொல்லு.

நீண்ட பதில் வேண்டாம். டொக்டரிடம் தொய்வைச் சொன்னாயா? ஓம் அல்லது இல்லை, வட்ஸ்அப்பில் போடு.

அம்மா