நமது கூட்டுறவு மருந்தகம்: 2025–26ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், கோத்தகிரி வட்டாரத்தின் பல ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். முதலில் அறிவித்த தேதியில் கூட்டம் நடத்தப் போதிய உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) சேராததால் இன்று மறுபடி கூடியிருக்கிறோம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. ஆயுதபூஜை கடையிலேயே நடந்தது. அரவேணுவில் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் நடத்தினோம். மருந்து ஆய்வாளர் வந்து பதிவேடுகளைப் பார்த்தார். குறை எதுவும் எழுதவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்கள் பலர் இது அரசாங்கக் கடையா என்று கேட்கிறார்கள். இல்லை. 24 பிப்ரவரி 2025 அன்று தமிழகம் முழுவதும் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. அவை அரசின் திட்டம். நம்முடையது உறுப்பினர்களின் பங்குத்தொகையில் எழுந்த கடை. சிறு தேயிலை விவசாயிகளும், 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து தோட்டங்களில் வேலை பார்த்த குடும்பங்களும் சேர்ந்து தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் ராத்திரியில் ஒரு மருந்து வேண்டுமென்றால் குன்னூருக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ வண்டி பிடிக்க வேண்டும். நம் மாவட்டத்துக்குக் கூட்டுறவு புதிதல்ல. 1962இல் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது, 1965இல் அத்தகைய தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இன்கோசர்வ் வந்தது. இலைக்கு ஃபேக்டரி வைக்க முடிந்தவர்களால் மருந்துக்கு ஒரு கடை வைக்க முடியாதா என்பதுதான் அன்றைய கேள்வி.

பணத்தைவிடப் பெரிய சிரமம் மருந்தாளுநர் கிடைப்பது. 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் மருந்து கொடுக்கக் கூடாது. குளிருக்கும் வாடகைக்கும் பயந்து மலைக்கு வர யோசிக்கிறவர்களே அதிகம். அதனால்தான் அவருடைய சம்பளத்தை உயர்த்தியபோது நான் உறுதியாக நின்றேன். அதன் பலன் அக்டோபரில் தெரிந்தது. மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்த செய்தி வந்த உடனேயே அவர் அலமாரியில் இருந்த எல்லா சிரப்பின் பேட்ச் எண்களையும் சரிபார்த்தார். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு இருமல் சிரப் வேண்டாம் என்ற மத்திய அரசின் அறிவுரையை, கேட்டு வந்த ஒவ்வொரு தாயிடமும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சில பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும்.

தள்ளுபடி பற்றிப் புகார் வருகிறது. "அங்கே 20 சதவீதம் குறைக்கிறான், நம்ம கடையில ஏன் இல்லை?" சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், பிரஷருக்கான அம்லோடிபின் போன்ற விலைக் கட்டுப்பாட்டு மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீத லாபம்தான் கணக்கு. சம்பளம், வாடகை, கரண்ட் எல்லாம் அதற்குள்தான் வர வேண்டும். பெரிய தள்ளுபடி தர முடிவது, குறைந்த விலைக்கு வாங்கும் ஜெனரிக் மருந்துகளில், அதாவது கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே வருகிறவற்றில் மட்டும். அதை நாமும் தருகிறோம். டாக்டர் ஒப்புக்கொண்டால் ஜெனரிக் கேட்டு வாங்குங்கள். செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலை அச்சிட்ட அட்டையையும் அன்றிலிருந்து புதிய விலைக்கே கொடுத்தோம். பட்டியலைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டினோம்.

இந்த ஆண்டின் முக்கிய வேலை மாத மருந்துப் பை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இலைப் பணம் வரத் தாமதமானால் பத்து மாத்திரையை வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறார்கள். பக்கவாதம் வந்த பிறகுதான் வீட்டில் இருப்பவர்களுக்கே அது தெரிகிறது. அதனால், மருந்துச் சீட்டை மருந்தாளுநர் சரிபார்த்து, ஒரு மாதத்துக்கான மருந்தை பில்லோடு பையில் கட்டி, கீழ்க்கோத்தகிரி, சோலூர்மட்டம், குஞ்சப்பனை பக்கம் படுகர் ஊர்களான ஹட்டிகளுக்கும் பழங்குடிக் கிராமங்களுக்கும் அனுப்பினோம். செலவு தண்டம் என்று குழுவிலேயே சிலர் சொன்னார்கள். அவர்களுக்கு என் பதில் இதுதான். யாருக்கு என்ன மருந்து வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவதால் மொத்தமாக ஆர்டர் போட முடிகிறது. தேதி முடிந்து வீணாகும் சரக்கும் குறைந்திருக்கிறது. வடகிழக்கு மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து சரக்கு வராதபோதும், பைகள் முன்பே கட்டி வைத்திருந்ததால் அந்தக் கிராமங்களுக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது.

இன்சுலின் தனிப் பெட்டியில் போகிறது. மலைக் குளிரே போதும், ஃபிரிட்ஜ் எதற்கு என்று நினைக்காதீர்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. கரண்ட் போனால் ஃபிரிட்ஜைக் காக்க இன்வெர்ட்டர் வாங்கியது இதற்காகத்தான். வீண் செலவு என்று அதையும் சொன்னார்கள்.

இப்போது மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பங்கு வாங்கியவர்களில் பெரும்பகுதியினர் நம் கடையில் வாங்குவதில்லை. முதல் தவணை கட்டியதோடு பாக்கிப் பங்குத்தொகையை மறந்தவர்கள் இருக்கிறார்கள். அவசரத்துக்குக் கடனில் மருந்து வாங்கி, கடன் நோட்டில் பெயர் இருக்க, கடை வாசலைத் தாண்டி அடுத்த கடைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பச்சைத் தேயிலை விலை படுத்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும். என் வீட்டிலும் இலைதான். கஷ்டப்படுகிறவர்களை நான் சொல்லவில்லை. வசதி இருந்தும் கட்டாதவர்கள், கூட்டத்துக்கும் வருவதில்லை. ஆனால் கடையில் ஒரு மருந்து இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டில் நின்று சங்கத்தைத் திட்ட முதல் ஆளாக வருகிறார்கள். சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்குத்தான். அந்த வாக்கோடு பொறுப்பும் சேர்ந்துதான் வருகிறது.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். விற்பனை சென்ற ஆண்டைவிட ஓரளவு கூடியிருக்கிறது. சம்பளமும் வாடகையும் போக மீதி சொற்பம். தணிக்கை நடந்துகொண்டிருக்கிறது.

தலைவருக்கும் குழுவினருக்கும், மருந்தாளுநருக்கும் விற்பனை உதவியாளர்களுக்கும், பை கொண்டுபோய்ச் சேர்த்த இளைஞர்களுக்கும், முகாமுக்கு வந்த மருத்துவருக்கும், வராண்டாவைத் தந்த கட்டட உரிமையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பையைக் கட்டபெட்டு, நெடுகுளா பக்கம் கொண்டுபோக ஆசை. இரண்டாவது மருந்தாளுநர் இல்லாமல் அது நடக்காது; அவருக்குச் சம்பளம் கொடுக்க, வர வேண்டிய பாக்கி வந்தாலே போதும். ஆகவே நோட்டில் பெயர் உள்ளவர்கள் தீபாவளிக்குள் கட்டிவிடுங்கள். மொத்தமாக முடியாதவர்கள் தவணை கேளுங்கள், கொடுக்கிறோம். பக்கத்து வீட்டில் வராத உறுப்பினர் இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள். மாதப் பை வேண்டியவர்கள் மருந்துச் சீட்டின் நகலை இன்றே கடையில் கொடுத்துவிட்டுப் போகலாம்.

இந்த அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்